செம்மர வழக்கில் சிறைப்பட்ட அந்நியர்: தவக்காலத்தில் எங்கள் நிலைப்பாடு

செம்மரம் வெட்டியதாகப் பிடிபட்டு நம் பக்கத்துச் சிறைகளில் கிடக்கும் தமிழ்நாட்டு மலைவாசிகளுக்குத் திருச்சபை உதவலாமா? சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழில் ஆராதனை நடத்தும் சபைகளைச் சேர்ந்த நாங்கள் கூடிப் பேசினோம். உதவியே ஆக வேண்டும் என்பது எங்கள் முடிவு. வெளியூர்க்காரர், அதிலும் வழக்கில் மாட்டியவர், நமக்கேன் வம்பு என்று சபைக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த அறிக்கை.

2015இல் ஈஸ்டர் ஏப்ரல் 5ஆம் தேதி வந்தது. இரண்டே நாளில், ஏப்ரல் 7 விடியற்காலை, சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 தமிழர்கள் செத்து விழுந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து ஏழைகள். கல்லாலும் அரிவாளாலும் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்னார்கள். சிபிஐ விசாரணை வேண்டும், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. உயிர்த்தெழுதலைக் கொண்டாடிய அதே வாரத்தில் நம் வாசலுக்கு அருகே நடந்தது இது. இதைப் பற்றி வாய் திறக்காமல் எந்தச் சிலுவைப்பாதையும் எங்களால் நடக்க முடியாது.

செம்மரக் கடத்தலை நாங்கள் ஆதரிக்கவில்லை. இந்தக் காடு கடவுள் தந்தது, அதைச் சூறையாடுவது பாவம். 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை; அந்தக் குடும்பங்களும் எங்கள் ஜெபத்தில் இருக்கின்றன. ஆனால் கடல் தாண்டிப் போகும் மரத்தில் கொழிப்பவன் வேறு, கோடரி பிடித்தவன் வேறு. இவர்களில் பலரின் ஊர்கள் உள்ள ஜவ்வாது மலையில் மழை பொய்த்துச் சாமை காய்ந்துபோனால் அடுத்த வேளைக்கு வழியில்லை. மேஸ்திரி வந்து முன்பணம் நீட்டுகிறான். கட்டட வேலை என்று சொல்லியே அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு. குற்றம் செய்திருந்தால் நீதிமன்றம் தண்டிக்கட்டும். காட்டுக்குள்ளேயே தீர்ப்பெழுத யாருக்கும் அதிகாரம் இல்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அந்நியரும் சிறைப்பட்டவரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். இந்த இரண்டு மாவட்டங்களில் பல நேரம் இருவரும் ஒரே ஆள்தான். ஏசாயா 58ஆம் அதிகாரத்தைத் தவக்காலம் தவறாமல் வாசிக்கிறோம். கட்டுண்டவரை விடுவிப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதும்தான் கடவுள் விரும்பும் உபவாசம் என்று அது சொல்கிறது. ஒருவேளைச் சோற்றை விட்டுவிட்டு, கோர்ட் வாசலில் நிற்கும் பெண்ணைக் கண்டும் காணாமல் போவது எப்படி உபவாசமாகும்?

அந்தப் பெண் மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி மாறி வந்திருப்பாள். இடுப்பில் குழந்தை. கையிலிருக்கும் எப்.ஐ.ஆர். நகல் தெலுங்கில் இருக்கும். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். மனு போட்டுப் புருஷனைப் பார்க்க எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாது. ஜாமீன் கிடைத்தாலும் உள்ளூரில் சொத்துள்ள இருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். இந்த ஊரில் அவளுக்கு யாரைத் தெரியும்? கையெழுத்துக்கு ஆளில்லாமலே ஒருவன் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறான்.

அந்தக் கையெழுத்தை எங்களால் போட முடியும். வீட்டு வரி ரசீது எங்களிடம் இருக்கிறது, தமிழும் தெலுங்கும் தெரியும். வழக்கின் தன்மையை வக்கீலிடம் கேட்டறிந்து, மனமுள்ள உறுப்பினர்கள் ஜாமீன் நிற்பார்கள். குருத்தோலை ஞாயிறு வரை சேரும் உபவாசக் காணிக்கை முழுவதும் இக்குடும்பங்களின் பஸ் செலவுக்கும் வக்கீல் செலவுக்கும் போகும். வெளியூரிலிருந்து வரும் பெண்கள் இரவு தங்கச் சபைக் கூடங்களைத் திறந்து வைப்போம். மதம் கேட்க மாட்டோம், ஞானஸ்நானம் பற்றிப் பேச மாட்டோம்.

எங்கள் சபைகளின் வேரே வெளியாட்கள் நட்டதுதான். 1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியபோது சித்தூரும் அதன் ஊழிய இடங்களில் ஒன்று. கடல் கடந்து வந்த அவர்களை இந்த மண் ஏற்றுக்கொண்டது. ஜவ்வாது மலையோ பக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்ரீ சிட்டி ஆலைகளுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இதே நிலைப்பாடுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தவக்காலத்தின் நடுவில்தான். சோறும் வண்டியும் இல்லாமல் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட மறுப்பதையும் கூலியை இழுத்தடிப்பதையும் எங்கள் உறுப்பினர் யார் செய்தாலும் சபை தட்டிக் கேட்கும். பொழுது சாயுமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24ஆம் அதிகாரம், அந்நிய நாட்டுக் கூலிக்காரரையும் சேர்த்தே சொல்கிறது.

இரு மாநில அரசுகளிடமும் எங்கள் கோரிக்கை இது: கைதானவருக்கு அன்றே தமிழ் தெரிந்த சட்ட உதவி வக்கீல் கிடைக்க வேண்டும், குடும்பத்துக்குத் தமிழில் தகவல் போக வேண்டும். வெட்டியவனோடு நிறுத்திக்கொள்ளாமல், முன்பணம் கொடுத்தவனையும் மரத்தை வாங்கியவனையும் பிடிக்க வேண்டும். ஜவ்வாது மலை கிராமங்களில் அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலி பாக்கியில்லாமல் வந்து சேர்வதைத் தமிழ்நாடு அரசு உறுதிசெய்ய வேண்டும்.