ஒரு காணி எத்தனை ஏர்?

"நம்ம பாட்டன் காலத்துல ரெண்டு காணி இருந்துச்சு." செங்கல்பட்டுப் பக்கம் சேரிப் பெரியவங்க நிலத்தைக் காணியில்தான் சொல்வாங்க. பழைய பதிவேடு ஏக்கர், சென்ட் என்கிறது. இன்றைய பட்டா ஹெக்டேர், ஏர் என்கிறது. மூன்றும் ஒரே நிலம்தானா? கேட்கிறதுக்கே கணக்கு தெரியணும்.

அளவு எல்லாருக்கும் பொது என்று நம்பாதீர்கள் தோழர்களே. தஞ்சாவூரில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். செங்கல்பட்டில் 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி, அதாவது 132 சென்ட். சொல் ஒன்று, மண் நாலு மடங்கு. அளக்கிற கோல் வைத்திருந்தவன் சொன்னதே குழி. நம்ம கையில் இருந்தது ஏர்தான். இன்றைக்குப் பட்டாவிலும் ஏர் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

படிப்போம். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ரெண்டு காணி 2 ஏக்கர் 64 சென்ட், சுமார் 107 ஏர். பட்டாவில் 1.07.0 என்று இருக்கணும். 0.81.0 என்று இருந்தால்? அது 2 ஏக்கர்தான். 64 சென்ட் எங்கே போச்சு? உட்பிரிவில் போனதா, வாய்க்காலுக்கு எடுத்தார்களா, பக்கத்து மிராசு தின்றாரா? புலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

1891-இல் ஆட்சியர் ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. அதை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994-இல், காரணை நிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வேலி போட்டுப் பறித்தது கண்ணுக்குத் தெரியும். அலகு மாறும்போது தாளில் கரைந்தது தெரியாது.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். பெரியவங்க சொல்ற காணி, பழைய 'அ' பதிவேட்டின் ஏக்கர், இன்றைய பட்டாவின் ஏர் மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். கணக்கு இடிக்கிற இடத்திலிருந்து நம்ம மனு தொடங்கட்டும்.