ஃபில்டர் மேல் ஒரு தேதி

பெங்களூருவை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். போர்வெல் தண்ணீரா, டேங்கரா? கார் நிறுத்த இடம் உண்டா? பொம்மசந்திரா மெட்ரோ எவ்வளவு தூரம்? கடைசியாக, "பவர் பேக்கப் இருக்கா?" "இருக்கு சார், ஃபுல் பேக்கப்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஜெனரேட்டரின் டீசல் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. லிஃப்டை நம்பி மேல்மாடியில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

சந்தாபுரா, ஹெப்பகோடி, அத்திப்பள்ளி, ஜிகனி என்று இந்த வட்டாரம் முழுக்க அடுக்குமாடிகள் வந்துவிட்டன. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இவற்றில் ஏராளம். சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வயதான பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலியால் படி இறங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போனால் இவர்களுக்கெல்லாம் துணை, காம்பவுண்டின் மூலையில் நிற்கும் அந்த ஜெனரேட்டர் பெட்டிதான். அது ஓடுவதும் நிற்பதும், ஒரு கைக்குள் அடங்கும் காகித ஃபில்டரைப் பொறுத்தது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பனிப்புகைபோல் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பீய்ச்சுவதற்கு மிகப் பெரிய அழுத்தம் வேண்டும். அதனால் டீசல் பம்பின் உள்ளே ஓடும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே விடும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத ஒரு மண் துகள் உள்ளே போனால், அந்த வழவழப்பான உலோகத்தில் கீறல் விழும். பம்புக்கும், டீசலைப் பீய்ச்சும் முனையான இன்ஜெக்டருக்கும் உயவு எண்ணெயாக இருப்பதும் அதே டீசல்தான் என்பதால், அதில் தண்ணீர் கலந்தாலும் தேய்மானம். துகளையும் தண்ணீரையும் வாசலிலேயே மறிப்பது ஃபில்டரின் வேலை.

இந்த நுட்பத்துக்கும் நாம் தினமும் போய்வரும் ஓசூர் சாலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. டீசல் பம்புகளை ராபர்ட் பாஷ் நிறுவனம் ஜெர்மனியில் பெருமளவில் செய்யத் தொடங்கியது 1927-ல். அதன் இந்தியக் கிளையான 'மைக்கோ' 1951-ல் தொடங்கப்பட்டு, அந்தச் சாலையில் உள்ள பெங்களூரு ஆடுகோடியில் தொழிற்சாலை எழுப்பியது. லாரி, டிராக்டர், வயல்வெளி பம்ப்செட் என்று டீசல் எஞ்சின் இருந்த இடமெல்லாம் மைக்கோ என்ற பெயரும் இருந்தது. 2008-ல் அது பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஊர்ப்புற மெக்கானிக்குகள் வாயில் இன்றும் மைக்கோதான். இத்தனை பெரிய டீசல் பரம்பரை உள்ள ஊரில், ஃபில்டர் மாற்றுவதை ஒரு பொருட்டாக நினைக்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அலட்சியத்துக்குக் காரணம் 'ஹவர் மீட்டர்'. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் கருவி அது. சிறிய, நடுத்தர ஜெனரேட்டர்களுக்கான கையேடுகளில் பெரும்பாலும் இத்தனை மணி நேரம் ஓடினால், அல்லது ஓராண்டு ஆனால், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது ஃபில்டரை மாற்றச் சொல்லியிருக்கும். அசோசியேஷன் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். "வருஷம் முழுக்க முப்பது மணி நேரம்கூட ஓடல, எதுக்கு இப்போ செலவு?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

உண்மை நேர்மாறானது. தினமும் மின்வெட்டு இருந்த காலத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, டேங்கில் புது டீசல் வந்துகொண்டே இருந்தது. இப்போது வெட்டு குறைந்ததால் அதே டீசல் மாதக்கணக்கில் கிடக்கிறது. ஆனேக்கல் மேட்டு நிலம். பகலில் வெயில் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். பாதி காலியான டேங்கில் நிற்கும் காற்றின் ஈரம் இரவில் உட்சுவரில் துளியாகப் படிந்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்ச் சேர்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. அவை உண்டாக்கும் கறுப்புச் சளிதான் ஃபில்டரை அடைக்கிறது. ஆகவே அதிகம் ஓடும் ஜெனரேட்டரைவிட ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோமே என்பார்கள். லோடு இல்லாமல் ஓடும்போது எஞ்சின் உறிஞ்சும் டீசல் கொஞ்சம்தான். அடைபட்ட ஃபில்டர்கூட அந்த அளவை விட்டுவிடும். சித்திரை, வைகாசியில் கோடைமழை கொட்டி, மரக்கிளை முறிந்து லைன் அறுந்து, மணிக்கணக்கில் கரண்ட் வராத இரவில்தான் குட்டு வெளிப்படும். எல்லா லிஃப்டும் பம்பும் ஒன்றாக இழுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும், விளக்குகள் மங்கிப் பளிச்சிடும், பிறகு அணைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் அப்படித்தான் ஒரு பாட்டியும் பேத்தியும் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். கதவைத் திறந்து இறக்கும்வரை அந்தக் குழந்தை அழுத அழுகை அங்கிருந்த எல்லாரையும் கலங்க வைத்தது. மறுநாள் கழற்றிய ஃபில்டரில் எந்தத் தேதியும் இல்லை. எப்போது போட்டது என்று சொல்ல ஆளும் இல்லை.

ஃபில்டர் மாற்றுவதை ஒருமுறை முழுதாக நின்று பாருங்கள். எங்கள் குடியிருப்புக்கு ஓசூரிலிருந்து வரும் மெக்கானிக் அண்ணன் முதலில் பேனலை 'ஆஃப்' செய்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவார். நடுவே கரண்ட் போனால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகிக் கையைப் பதம் பார்க்கக் கூடாது அல்லவா? எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. டீசல் வால்வை மூடி, கீழே தட்டு வைத்துப் பழைய ஃபில்டரைக் கழற்றுவார். அதில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைப்பார். சற்று நேரத்தில் மேலே தெளிந்த டீசல், அடியில் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே வெண்டைக்காயை அரிந்ததுபோல் கொழகொழவென்று ஒரு கறுப்பு. "நோடப்பா, நீரு" என்று எங்கள் எலக்ட்ரீஷியனுக்குக் கன்னடத்தில் காட்டிவிட்டு என் பக்கம் திரும்புவார். "இதுதான் சார் ரிப்போர்ட். ஃபில்டரை மட்டும் மாத்திப் பிரயோஜனமில்லை, டேங்க் அடியையும் வடிக்கணும்."

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் துளி எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குவார். பாட்டிலிலிருந்து டீசலை அதற்குள் ஊற்ற மாட்டார். அப்படி ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும். பிறகு டீசல் வால்வைத் திறந்து ஏர் எடுக்க வேண்டும். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடிக்க அடிக்க நுரையாக வரும் டீசல், குமிழி இல்லாமல் ஒழுகும்போது ஸ்க்ரூவை இறுக்குவார். பேட்டரி வயரை மாட்டி, ஸ்டார்ட் செய்து கசிவு இல்லையென்று விரலால் தடவிப் பார்த்த பிறகு, மார்க்கரை எடுத்து ஃபில்டர் மேலேயே தேதியையும் ஹவர் மீட்டர் எண்ணையும் எழுதுவார். அந்த எழுத்துதான் என்னைப் பொறுத்தவரை முழு வேலைக்கும் முத்திரை.

இதே சிக்கல் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து, கனடாவின் கிழக்குக் கடற்கரை மாகாணங்கள் போன்ற குளிர்ப் பகுதிகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள் பலர். எரிவது ஏறக்குறைய நம் டீசல்தான். அங்கும் டேங்க் அடியில் தண்ணீரும் கசடும் சேரும், ஃபில்டர் அடைத்தால் ஃபர்னஸ் அணையும். உறைபனி இரவில் அணைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் குளிர்காலம் வருமுன்னே வருடா வருடம் ஃபில்டரை மாற்றுவது அங்கே நல்ல வழக்கம். எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நமக்கு அந்தக் குளிர்காலம் கோடைமழைதான். மாசி முடிவதற்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடித்த டீசலை மழைநீர்க் கால்வாயில் கொட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். இந்தக் கால்வாய்கள் போய்ச் சேர்வது நம் ஏரிகளில். சந்தாபுரா ஏரியைக் காப்பாற்றத் தவறியதற்காக 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது நினைவிருக்கும். எண்ணெய்க் கழிவு 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. மூடிய கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு குடியிருப்பின் மாதச் செலவில் ஃபில்டரின் விலை தெரியவே தெரியாது. பம்பும் இன்ஜெக்டரும் போனால் வரும் செலவோ எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை டேங்க் அடியிலிருந்து தண்ணீர் வடிக்க வேண்டும், லோடு கொடுத்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு போய் ஃபில்டர் மேல் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். தேதியே இல்லையென்றால் திங்கட்கிழமை காலை மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.