துடிப்பு சீரானது; நோயாளி என்ன ஆனார்?

மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவரின் ஹோல்ட்டர் பதிவைப் பாருங்கள். ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுவே அகலமாக, கோணலாக ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். பிறகு சிறு இடைவெளி. மறுபடியும் பழைய ஒழுங்கு. இந்த வென்ட்ரிகுலர் எக்டோபிக் அதிகம் உள்ளவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பும் அதிகம் என்பதை 1970களிலேயே கண்டிருந்தார்கள். அப்படியானால் எக்டோபிக்கை அடக்கினால் உயிரைக் காப்பாற்றலாமே? என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட் ஆகிய மருந்துகள் அதை நன்றாகவே அடக்கின. மாத்திரைக்கு முன் எடுத்த பதிவையும் பின் எடுத்த பதிவையும் பக்கத்தில் வைத்தால் எந்த மருத்துவருக்கும் மனம் நிறைந்துவிடும்.

அந்த நிறைவைச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவில் நடந்த காஸ்ட் ஆய்வு. இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் மருந்து இருக்கும்போது பாதிப் பேருக்கு பிளாசிபோ கொடுப்பது முறையா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மருந்து கெடுதல் செய்யும் என்று யாரும் எதிர்பார்க்காததால், நன்மை பக்கம் மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனையாகவே முதலில் புள்ளியியல் கணக்கைத் திட்டமிட்டிருந்தார்கள். 1989இல் அந்த இரு மருந்துகளையும் அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. 1991இல் வெளியான முழு அறிக்கையின்படி, சராசரியாகப் பத்து மாதங்களில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். பிளாசிபோ எடுத்த 743 பேரில் 26 பேர்.

இந்த எண்களைவிட என்னை அதிகம் உலுக்குவது ஆய்வுமுறைப் பகுதியில் உள்ள ஒரு விவரம். எல்லோருக்கும் முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, எக்டோபிக் அடங்கியவர்களை மட்டுமே இரு குழுக்களாகப் பிரித்தார்கள். அதாவது, இறந்த அந்த 63 பேரும் மருந்து ‘பலித்தவர்கள்’. எக்டோபிக் 80 சதவீதம் குறைந்தது என்பதோடு ஆய்வு முடிந்திருந்தால், அதைவிட அழகான முடிவு கிடைத்திருக்காது. பி மதிப்பும் பிரமாதமாக இருந்திருக்கும்.

நம் ஜர்னல் கிளப்புகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். முதுநிலை மாணவர் சுருக்கத்தைப் படிக்கிறார், முடிவு அட்டவணையைத் திரையில் காட்டுகிறார், பி மதிப்பைச் சொன்னதும் பேராசிரியர் தலையசைக்கிறார், டீ வந்துவிடுகிறது. ஆய்வுமுறைப் பகுதி ஒரே ஸ்லைடில் கடந்துபோயிருக்கும். அந்த ஸ்லைடில் நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். எதை அளந்தார்கள்? நோயாளிக்கு அது பொருட்டா, அல்லது நமக்கு அளக்க எளிதாக இருப்பதா? எச்.பி.ஏ.1.சி. குறைந்தது, எலும்பு அடர்த்தி கூடியது என்னும் கட்டுரைகளை நாம் தினமும் படிக்கிறோம். மாரடைப்பு குறைந்ததா, எலும்பு முறிவு குறைந்ததா என்று தேடிப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். கன்சார்ட் நெறிமுறை கேட்கும் அந்தக் கட்டம் போட்ட வரைபடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவில் காணாமல் போனார்கள் என்று விரல் வைத்து எண்ணுங்கள்.

படிப்பவரின் கடமை இது. எழுதுபவரின் கடமைக்கும் இதே கதையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1980இல் பிரிட்டனில் லார்கெய்னைட் என்ற, இதே வகையைச் சேர்ந்த மருந்தை 95 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். பிளாசிபோ குழுவில் ஒருவர். தற்செயல் என்று எண்ணினார்கள். வணிகக் காரணங்களால் அந்த மருந்தும் கைவிடப்பட்டது. கட்டுரை வெளிவரவில்லை. 1993இல்தான் அதை வெளியிட்டார்கள்; முன்பே வந்திருந்தால் வரவிருந்த ஆபத்துக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று அவர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை வணங்குகிறேன். ஆனாலும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள்.

நம் மருத்துவக் கல்லூரி நூலகங்களில் கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்து பொறித்த எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகள் வரிசையாக நிற்கின்றன. தேர்வு முடிந்ததும் அவற்றைத் திறப்பவர் அரிது. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று முடிந்தவற்றை எழுதியவரே மறந்துவிடுகிறார். அப்படி முடிந்த ஆய்வைத் தோல்வி என்று மாணவர் மனத்தில் பதிய வைத்தது நாம்தான், வழிகாட்டிகளும், இதழாசிரியர்களும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயமானதால், தொடங்கிய ஆய்வு எது என்பதாவது இன்று தெரிகிறது. முடிவை எழுதும் வேலை நம்முடையது.

அடுத்த இதழ் முதல், நம் மதிப்பீட்டாளர்களுக்கு அறிமுகமும் ஆய்வுமுறையும் மட்டுமே முதலில் செல்லும். கேள்வி பயனுள்ளதா, முறை சரியா என்று அவர்கள் எழுத்தில் தெரிவித்த பிறகே முடிவுகள் அவர்கள் கைக்குப் போகும். ‘வேறுபாடு இல்லை’ என்ற காரணத்தால் எந்தக் கட்டுரையும் திரும்பி வராது. அலமாரியில் உறங்கும் ஆய்வேட்டை எடுத்து, தூசி தட்டி, பாதியில் விலகியவர்களின் எண்ணிக்கையோடு அனுப்பிவையுங்கள்.