விடுதி நல்லெண்ணெய்

மாங்காய் இறங்குகிற வைகாசிக் கடைசியில் எங்கள் வேப்பனப்பள்ளியில் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்: மண்டியில் பெங்களூரா என்ன விலை போயிற்று என்பது ஒன்று, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்பது மற்றொன்று. எதிர்வீட்டுத் தம்பதிகள் இருவரும் ஓசூர் சிப்காட்டில் மாறி மாறி ஷிப்டு பார்க்கிறவர்கள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறவர்கள். ஆகவே, ஆறாம் வகுப்புக்குப் போகும் தங்கள் பையனைக் கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்தும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் போர்டிங்கில் சேர்ப்பதென்று தீர்மானித்திருந்தார்கள்.

அந்தப் பையனின் பாட்டி ஒரு சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஊரார் எல்லோருக்கும் அவள் அவ்வா. முப்பது வருஷம் உபாத்தியாயராக இருந்த என்னை அவள் ‘ஐயவாரு’ என்றுதான் அழைப்பாள். வெற்றிலையை மடித்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாதிருந்தவள், கடைசியில் கேட்டாள்:

“பாதருங்க இஸ்கோல்ல பையன் நெத்தியில நாமம் வெச்சிக்க விடுவாங்களா, ஐயவாரு? தீபாளிக்கு அவன் என்னா பண்ணுவான்?”

“விடுவாங்க அவ்வா, பயப்படாதீங்க” என்றேன். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியளிக்கவில்லை என்பதை முகமே சொல்லிற்று. ஆகையால் திருச்சிராப்பள்ளியில் உள்ள ஒரு வித்தியாசாலையின் கதையை அவளுக்குச் சொன்னேன். அதையே இந்த வாரம் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1773-இல் போப்பாண்டவரின் ஆணையாலேயே கலைக்கப்பட்டு, 1814-இல் மறுபடியும் உயிர்பெற்ற சேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரிமார் சிலர், டி நொபிலியும் வீரமாமுனிவரும் உழைத்த பழைய மதுரை மிஷனைத் திரும்பவும் ஸ்தாபிக்கும் எண்ணத்தோடு 1830-களின் இறுதியில் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். வாந்திபேதியும் விஷக்காய்ச்சலும் அவர்களில் பலரை இளம் வயதிலேயே கொண்டுபோயின. ஒருவரைப் புதைத்த கை காயுமுன் மற்றொருவர் வேலையை ஏற்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில்தான், போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்ட நாகப்பட்டினத்துக் கடற்கரையில், 1844-ஆம் ஆண்டு, அர்ச். சூசையப்பர் பெயரால் அந்த வித்தியாசாலை தொடங்கியது.

அதன் பிறகு தேசத்தின் கல்வி நிலைமை வேகமாக மாறியது. தனியார் பள்ளிகளுக்கும் சர்க்கார் மானியம் அளிக்கலாம் என்ற கொள்கை 1854-இல் உட்ஸ் அறிக்கையால் ஏற்பட்டது. 1857-இல் சென்னை சர்வகலாசாலை பிறந்தது. 1862-இல் நாகையிலிருந்து திருச்சி வரை இருப்புப்பாதை நீண்டது. 1866-இல் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்ற சூசையப்பர் ஸ்தாபனம், 1883-இல் கடற்கரையை விட்டுக் காவிரிக்கரைக்கே குடிபெயர்ந்தது. நாலா திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்வதற்குத் திருச்சியைவிட வாய்ப்பான ஊர் அந்நாளில் தமிழகத்தின் நடுவில் வேறு எது? மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார், ஆற்றுக்கு அக்கரையில் அரங்கநாதர், ஊருக்குள்ளேயே நத்ஹர் வலியின் தர்கா. இவ்வளவுக்கும் மத்தியில், தெப்பக்குளத்தை ஒட்டி, லூர்து மாதா கோயிலின் கோபுரத்தருகே அந்தப் பள்ளியும் கல்லூரியும் வேர்விட்டன.

அந்தக் கல்லூரிக்கு 1950-இல் இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் ஒருவர், இண்டர்மீடியட் படிக்க வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களே அவர். விடுதியில் அவருடைய அறையில் இன்னும் இருவர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்று மாடி விடுதியில் ஏறக்குறைய நூறு மாணவர்கள். ஆங்கிலம் போதித்த அருட்தந்தை செக்வேராதான் விடுதிக் காப்பாளர். கையில் பைபிளோடு ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு மாணவனையும் அவர் தவறாமல் பார்த்துவிட்டுப் போவாராம். தீபாவளி வந்துவிட்டால், அவருடைய உத்தரவின்படி, விடுதியைக் கவனிக்கும் பிரதரும் மெஸ் தொண்டர்களும் அறை அறையாகச் சென்று எண்ணெய் ஸ்நானத்துக்கு நல்லெண்ணெய் விநியோகிப்பார்களாம். இதைக் கலாம் தம் சுயசரிதையான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த நல்லெண்ணெயைப் பற்றி நான் பலமுறை சிந்தித்ததுண்டு. கத்தோலிக்கத் துறவியொருவர் ஐப்பசி மாதத்துப் பஞ்சாங்கத்தைக் கவனித்து, பண்டிகைக்கு முன்னதாகவே எண்ணெய்க்கு ஏற்பாடு செய்து, வீட்டை விட்டு வந்திருக்கும் பிள்ளைக்கு அந்த விடியற்காலையில் தாயின் கை நினைவுக்கு வருமே என்று அந்தரங்கமாக உணர்ந்து, அதைத் தன் உத்தியோகத்தின் ஒரு பகுதியாகவே பாவித்திருக்கிறார். அந்த உத்தரவுக்கு எந்தச் சட்டமும் காரணமில்லை. எந்தப் பரீட்சையிலும் அதற்கு மார்க்கு இல்லை. கோபுரம் எழுப்பலாம், மாடி மேல் மாடி கட்டலாம். பிறருடைய பண்டிகையைத் தன் வீட்டுக் காரியமாக எண்ணுகிற மனப்பக்குவம் வந்த தினத்தில்தான் ஒரு வித்தியாசாலை நிஜமாகவே வளர்ந்துவிட்டது என்பேன்.

அந்தப் பக்குவம் முதல் நாளிலேயே வந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதம் பரப்புவதே மிஷனரிகளின் முதல் நோக்கமாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கம் என்று கிறிஸ்தவர்கள் பிரிந்து உட்கார்ந்த அவலத்தைச் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது. ஆயினும், மாணவர்களுக்குக் கணக்கும் இலக்கணமும் கற்பித்துக்கொண்டே, அந்த மாணவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டு வழக்கங்களிலிருந்தும் தானும் கற்றுக்கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை ஸ்தாபனம் விசாலமடைந்திருக்கிறது. நூறு வருஷத்துப் பாடம் அது.

எங்கள் எல்லைப் பிரதேசத்துக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. இப்பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் 1930-இல் ஏற்பட்ட சேலம் மறைமாவட்டத்திலும், பிறகு 1997-இல் அதிலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்திலும் அடங்கியவை. வடக்கே போனால் கர்நாடகம், கிழக்கே போனால் ஆந்திரம் என்றிருக்கும் இந்த மார்க்கண்டேய நதிக்கரையில், தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிற வீடுகளிலிருந்து கிளம்பும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் ‘உள்ளேன் ஐயா’ சொல்கிறார்கள். ‘மிஷன் ஸ்கூல்’ என்று ஜனங்கள் வாய்நிறையச் சொல்லும் பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைவிடப் பெறாத பிள்ளைகளே அதிகமாக இருப்பது எங்கும் சகஜமான காட்சி.

சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை ஸ்தாபித்துப் பரிபாலிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆவது ஷரத்து அளித்திருக்கிறது. 1978-இல் பிளஸ் டூ வந்தபோது உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாயின; அதன் பின் ஆங்கிலவழி வகுப்புகள் பெருகின; கட்டணமும் பெருகிற்று. இப்படி வளர்ந்துவிட்ட பள்ளிகளை நடத்துகிற பாதிரிமாரையும் கன்னியாஸ்திரீகளையும் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் முன்னோர் கையிலிருந்த பைபிளையும் அந்த நல்லெண்ணெயையும் சேர்த்தே நினைவில் வைத்திருங்கள், கட்டணம் கட்ட முடியாமல் வாசலிலேயே தயங்கி நிற்கிற வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் அறை ஒதுக்கி வையுங்கள். பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: பள்ளியைப் பார்க்கப் போகும்போது தேர்ச்சி விகிதத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள்; இரவில் பிள்ளைகளின் அறைப்பக்கம் யார் வந்து பார்க்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

கதை முடிந்தபோது இருட்டிவிட்டது. அவ்வா மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்ளவே இல்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்:

“பச்சை எண்ணெய அப்பிடியே தேய்ச்சா பசங்களுக்குச் சளி புடிக்கும், ஐயவாரு. ஐப்பசி வரட்டும். மிளகு, சீரகம் போட்டு நானே காய்ச்சி ஒரு தூக்கு நெறய குடுத்து அனுப்புறேன். பாதர்கிட்ட இருக்கட்டும். கூட இருக்கிற பசங்களுக்கும் ஆவும்.”