டாக்டரிடம் சொல்லாத லேகியம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் யாருக்காவது புற்றுநோய் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறுக்கோ பஸ் ஏறுவார்கள். சிலர் பையில் ஃபைலோடு சேராங்கொட்டை லேகியமும் இருக்கும். டாக்டரிடம் மட்டும் மூச்சு விடமாட்டார்கள். சொன்னால் திட்டு விழுமே!

திட்டுவதிலும் நியாயம் உண்டு. வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்றது 2018-ல் அச்சான அமெரிக்க ஆய்வு. ஆனால் மூலிகை என்றாலே முகம் சுளிப்பானேன்? கீமோவில் ஏற்றும் வின்கிறிஸ்டின், வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். (அதற்காக இலையைப் பறித்துத் தின்றுவிடாதீர்கள், விஷம்!)

திட்டினால் லேகியம் நிற்காது, பேச்சுதான் நிற்கும். அப்புறம் கல்லீரல் கெட்டால் கீமோவாலா, லேகியத்தாலா என்று டாக்டரே குழம்ப வேண்டியதுதான். "வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று நர்ஸம்மா கோபப்படாமல் கேட்டு ஃபைலில் எழுத இரண்டு நிமிஷம் ஆகுமா?