பிரசவ வார்டில் சிவப்பு மை வேண்டாம்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள் நான். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்காக இதை எழுதுகிறேன்.

1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1994-லேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சங்கம் கண்டது தமிழ்நாடு. இன்று மருந்துக்குக் குறையில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து தொற்று வரலாம். தாய் முறையாக மாத்திரை சாப்பிட்டால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

ஆனால் பிரசவத்தோடு வேலை முடிவதில்லை. பிறந்ததும் குழந்தைக்கு நெவிரபின் மருந்து ஊட்ட வேண்டும். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டு எடுக்க வேண்டும். 18-வது மாதம் இறுதிப் பரிசோதனை. அதுவரை அந்தத் தாய் நம்மை நம்பி வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைப் பிரசவ வார்டிலேயே உடைத்துவிடுகிறோம்.

ஒரு தாய்க்கு நடக்க நான் கண்டது இது. கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் எச்.ஐ.வி. என்று கொட்டை எழுத்து. கட்டில் வார்டின் கோடியில். பார்க்க வந்த நாத்தனார், "எங்க அண்ணிக்கு மட்டும் ஏன் தனிக் கட்டில்?" என்று ஆயாம்மாவிடம் கேட்கிறாள். பொழுது சாய்வதற்குள் சேதி ஊர் போய்ச் சேர்கிறது. மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்து, சத்து மாத்திரை என்று சொல்லி, இரவு தவறாமல் விழுங்கி வந்த பெண் அவள். அதன்பின் மையத்தின் பக்கம் வரவேயில்லை. குழந்தையின் ஆறாவது வாரப் பரிசோதனையும் நடக்கவில்லை. தொற்றுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை, ஐயா.

ஊழியர் பாதுகாப்புக்காக அடையாளமிடுகிறோம் என்பார்கள். கையுறையும் கருவிச் சுத்திகரிப்பும் எல்லாப் பிரசவத்துக்கும் ஒன்றுபோலச் செய்ய வேண்டியவை. சிவப்பு மை யாரையும் காப்பதில்லை.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும், ஒப்புதலின்றி ஒருவரின் தொற்றை வெளியிடுவதையும் அது தடுக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனைகளில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. அப்படி ஒருவர் இருப்பது எந்தத் தாய்க்குத் தெரியும்?

மூன்று கோரிக்கைகள். அரசு, தனியார் என எந்த மருத்துவமனையிலும் கேஸ் ஷீட்டிலோ கட்டிலிலோ அடையாளமிடக் கூடாதென்று ஆணையிடுங்கள். வலியோடு வருபவரைத் தொற்றைக் காரணம் காட்டி வேறிடத்துக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். புகார் அலுவலரின் பெயரையும் எண்ணையும் மகப்பேறு வார்டின் வாசலிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் புதிய மருந்தோ புதிய கட்டடமோ வேண்டாம். சட்டம் கைவசம் இருக்கிறது. அதை நடத்திக் காட்டும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நம்பிக்கை மைய முன்னாள் ஆலோசகர்