மன்னார்க் காய்ச்சலும் 365ஆம் பிரிவும்

தற்பாலீர்ப்புள்ள பயணிகளையும் வரவேற்கும் முயற்சியொன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை 2025 செப்டெம்பரில் ஆதரவுக் கடிதம் கொடுத்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் அதைக் கண்டித்தார். மடு மாதாவின் பிள்ளைகள் வாழும் மன்னாரில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். ஆனால் சண்டை முழுவதும் விமானத்தில் வந்திறங்கும் பயணியைப் பற்றியது. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் பிறந்து வளர்ந்த தற்பாலீர்ப்புள்ள பிள்ளையைப் பற்றி இரு பக்கமும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு வருத்தம் வந்தால் எங்கே போகும்? தற்பாலுறவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை. 365அ பிரிவில் இரண்டு ஆண்டு வரை. மன்னார்த் தீவின் ஆஸ்பத்திரியிலோ துண்டு எழுதுபவர் பக்கத்து வளவு, மருந்து கொடுப்பவர் சித்தப்பாவின் சிநேகிதர். டொக்டர் கேட்கும் கேள்விக்கு உண்மை சொன்னால் அது குற்ற ஒப்புதல். வவுனியா பஸ் ஏறுவான், அல்லது எங்கும் போகாமல் வீட்டிலேயே கிடப்பான். மனம் உடைந்தவனுக்கும் இதே கதிதான்.

மலேரியாவை நினைத்துப் பாருங்கள். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்தான். வென்றோமென்று கவனம் தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி எப்படி வென்றோம்? காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் பார்த்தோம், யுத்தத்துக்குள்ளும் பார்த்தோம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பு இலங்கையில் முதன்முதலாக அகப்பட்டதும் மன்னாரில்தான். கிணறு கிணறாகத் தேடினார்கள். காய்ச்சல் வந்தவனைப் பொலிஸ் தேடும் என்றிருந்தால் ஒருத்தனாவது விரலை நீட்டியிருப்பானா?

எச்.ஐ.வி.க்கும் இதே தேடல்தான் வேண்டும். 2022இல் நாட்டில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்கள் 607 பேர். பெரும்பாலானோர் ஆண்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பயத்தை மட்டும் அரசே விதைக்கிறது.

இந்தச் சட்டம் நமது கலாசாரம் என்பவர்களோடு நேரம் செலவழிக்க நான் தயாரில்லை. 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் இது. 1995இல் அதைப் பெண்கள்மீதும் நீட்டியது நமது சொந்தக் கைவேலை. தலைமன்னாரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டினால் தனுஷ்கோடி. அங்கே 2018 செப்டெம்பர் 6 முதல் தற்பாலுறவு குற்றமில்லை. அதே கடல், அதே மீன், அதே மொழி.

இங்கும் அதைக் குற்றமற்றதாக்க அன்றைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் கலைய, அதுவும் செத்தது. இன்றைய அரசுக்கு 159 ஆசனங்கள் உண்டு. சாக்குச் சொல்ல இடமில்லை. இரண்டு பிரிவுகளையும் இந்தப் பாராளுமன்றமே நீக்கட்டும். அப்போதுதான் மன்னாரில் மலேரியாவைத் தேடிப் போனது போல எச்.ஐ.வி.யையும் தேடிப் போக முடியும்.